எட்டு வருட நட்பு, நான்கு மாதத்தில் கல்யாணம்: இப்போது ஏன் இந்தத் தயக்கம்?

கடிதம் எழுதிய வாசகிக்கு வயது 27. கல்லூரி முதல் வருடத்தில் ஆய்வகத்தில் ஒரே மேஜை கிடைத்ததால் அறிமுகமானவர் அந்த இளைஞர். அவர் அளவெடுத்துச் சொல்வார், இவர் நோட்டில் குறித்துக்கொள்வார். நான்கு வருடமும் அந்த ஏற்பாடு மாறவில்லை. வகுப்பில் யாராவது கிண்டல் செய்தால் இருவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்போது அவருக்கு வேறொரு பெண் மீது ஈர்ப்பு இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அனுப்ப வேண்டிய மெசேஜைத் திருத்திக் கொடுத்ததே இவர்தான்.

படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊரில் வேலை. இரவு பத்து மணிக்குப் போனில் பேசுவது வழக்கமானது. வாசகியின் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, கூப்பிடாமலேயே வந்து மருத்துவமனை வராந்தாவில் மூன்று இரவு உட்கார்ந்திருந்தார் அவர். "அதற்கப்புறம் அவனை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன்" என்கிறார் வாசகி. காதலை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்று ஒரு நாள் இவர் சொன்னதும், "அதான் நான் இருக்கேன்ல" என்றாராம். அதுவே சம்மதமாகிவிட்டது. இரண்டு வீட்டிலும் எதிர்ப்பில்லை. இரண்டு மாதம் முன்பு நிச்சயதார்த்தம் முடிந்தது. இன்னும் நான்கு மாதத்தில் கல்யாணம்.

இப்போதுதான் பயம் வந்திருக்கிறது. அவர் கையைப் பிடித்தால் படபடப்பு வரவில்லை, வீட்டுக்கு வந்த மாதிரிதான் இருக்கிறது. காதலித்து மணந்த அலுவலகத் தோழி சொல்லும் கதைகள் எதுவும் தன் வாழ்க்கையில் நடக்கவில்லை. "இது காதலா, பழக்கமா? நிச்சயம் ஆன பிறகு இப்படி யோசிப்பதே துரோகமா? வேண்டாம் என்று சொன்னால் என் நண்பனையும் இழந்துவிடுவேனா?" என்று கேட்கிறார். நடுவில் இன்னும் இரண்டு விஷயங்கள் வருகின்றன. அவர் வேறு ஊரில் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டு, தன் அம்மாவிடம் சொன்ன பிறகுதான் இவரிடம் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு இவரும் அங்கே போக வேண்டும். இவருக்கோ இப்போதைய அலுவலகத்தில் குழுத் தலைவர் பொறுப்பு கிடைக்கும் நேரம். அப்புறம், அவர் பெயரில் ஒரு கடன் இருப்பதாக நிச்சயத்தன்று அவருடைய தங்கை பேச்சுவாக்கில் சொல்லித்தான் இவருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்புள்ள தோழி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். படபடப்பு வரவில்லை என்பதற்கு இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வேலை மாற்றத்துக்கு நான்கு வரி. கடனுக்கு ஒரே வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள், "பெரிய விஷயமில்லை, அவன் எப்பவும் அப்படித்தான்" என்ற குறிப்போடு. என்னைக் கேட்டால் இந்த அளவு தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது முதல் விஷயம்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படபடப்பு இல்லையே என்ற கவலை

பார்த்த மாத்திரத்தில் பற்றிக்கொண்டால்தான் காதல், நட்பிலிருந்து வருவது அதற்கு அடுத்தபடி என்று ஒரு எண்ணம் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. நடைமுறையில் அப்படி இல்லை. டானு ஸ்டின்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ 1,900 பேரிடம் கேட்டுத் திரட்டிய தகவல்களை 2021-ல் வெளியிட்டார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முதலில் நண்பர்களாக இருந்து பிறகு துணையானவர்கள். பல்கலைக்கழக மாணவர்களை மட்டும் தனியாகக் கேட்டபோது, நட்பு காதலாக மாறுவதற்குச் சராசரியாக இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகியிருந்தது. உங்களுக்குக் கூடுதலாக ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

காதலில் நெருக்கம், வேட்கை, பொறுப்பேற்பு என்று மூன்று கூறுகள் உண்டு என்று ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986-ல் எழுதினார். மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. முன்பின் தெரியாதவர்கள் காதலிக்கும்போது பெரும்பாலும் வேட்கை முந்திக்கொள்கிறது. நண்பர்களுக்கு நெருக்கம் முதலில் வந்துவிடுகிறது. அப்புறம் இன்னொன்று. புதிதாக ஒருவரைப் பிடித்துப்போகும்போது வரும் படபடப்பில் பாதி, 'நம்மை அவருக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ' என்ற பதற்றம். உங்களைப் பரீட்சை நேரத்துத் தூக்கக் கலக்கத்திலும் பார்த்தவர், மருத்துவமனை வராந்தாவில் அழுது வீங்கிய முகத்தோடும் பார்த்தவர் அவர். அவரிடம் பதறுவதற்கு என்ன இருக்கிறது?

உங்கள் அலுவலகத் தோழி சொல்வது அவருடைய முதல் ஆறு மாதக் கதை. ஏழாவது மாதத்தைப் பற்றியும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் இங்கே ஒன்றை உங்களுக்கு நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். படபடப்பு வராதது வேறு, நெருங்கினால் விலகத் தோன்றுவது வேறு. அவர் அருகில் வந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? முத்தமிடத் தோன்றுகிறதா? பதில் எனக்கு வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும். 'உடன்பிறந்தவர் மாதிரிதான் இருக்கிறது, அந்த நினைப்பே சங்கடமாக இருக்கிறது' என்பது பதிலானால், கல்யாணத்துக்குப் பிறகு தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அது அவருக்கும் தெரிய வேண்டிய விஷயம். 'வீட்டுக்கு வந்த மாதிரி' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

இப்படி யோசிப்பது துரோகமா?

இல்லை. கல்யாணத்துக்கு முன் தயங்குவது நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 232 புதுமணத் தம்பதிகளை நான்கு வருடம் தொடர்ந்து கவனித்த ஜஸ்டின் லாவ்னர் குழுவின் ஆய்வு 2012-ல் வந்தது. கல்யாணத்துக்கு முன் எப்போதாவது தயங்கினீர்களா என்ற கேள்விக்கு ஆண்களில் 47 சதவீதமும் பெண்களில் 38 சதவீதமும் ஆம் என்றார்கள். ஆகவே உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாவமும் இல்லை, அபூர்வமான நோயும் இல்லை.

அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லாவிட்டால் அது ஆலோசனை ஆகாது. தயங்கிய பெண்களில் 19 சதவீதம் பேர் நான்கு வருடத்துக்குள் விவாகரத்து பெற்றிருந்தார்கள். தயங்காத பெண்களில் அது 8 சதவீதம். தயங்கியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் விவாகரத்து பெறவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். தயங்கினால் உறவு முறியும் என்று இதற்கு அர்த்தமில்லை. 'எல்லாருக்கும் வர்ற கல்யாண பயம்தான்' என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு அப்படியே மூடி வைக்கவும் கூடாது. எதைப் பற்றிய தயக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரித்துப் பார்த்தால், உங்கள் தயக்கம் எப்போது தொடங்கியது? கடிதத்தில் நீங்களே தேதிவாரியாக எழுதியிருக்கிறீர்கள். நிச்சயதார்த்தத்தன்று கடன் பற்றித் தெரிந்தது. அதற்குப் பத்து நாள் கழித்து வேலை விஷயம். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து 'இது காதல்தானா' என்ற கேள்வி. அவர் கையை நீங்கள் இரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அப்போதெல்லாம் வராத சந்தேகம் இப்போது ஏன் வந்தது என்று யோசியுங்கள். நேரடியாகக் கோபப்பட முடியாத ஒருவரிடம், நமக்கு அன்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வருவதுண்டு. என்னிடம் வருபவர்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

நட்பில் எழாத கேள்விகள்

"எட்டு வருடமாகத் தெரியும், இனிமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் ஒப்புக்கொள்ளாத இடம் இதுதான்.

நண்பராக அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கஷ்டத்தில் வந்து நிற்பார், பொய் சொல்ல மாட்டார், உங்கள் வீட்டாரை மதிப்பார். இவையெல்லாம் சாதாரணத் தகுதிகள் இல்லை. ஆனால் நட்பில் ஒருவர் முடிவுக்கு மற்றவர் சம்மதம் தேவைப்படுவதில்லை. முதல் வேலையை விட்டபோது விட்ட பிறகு சொன்னார், வண்டி வாங்கியபோது வாங்கிய பிறகு படம் அனுப்பினார். நீங்களும் சந்தோஷப்பட்டீர்கள். இந்த வேலையையும் அதே பழக்கத்தில்தான் ஒரு செய்தியாகச் சொல்லியிருக்கிறார். கெட்ட எண்ணம் இருப்பதாக எனக்குப் படவில்லை. ஆனால் இந்த முடிவுக்குள் நீங்கள் குடியிருக்கப் போகிறீர்கள். முன்பு எடுத்த முடிவுகளுக்குள் நீங்கள் இல்லை. இந்த வித்தியாசம் அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

உறைக்காததற்கு உங்கள் பங்கும் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐந்து பக்கக் கடிதத்தில் அவரிடம் நீங்கள் 'வேண்டாம்' என்று சொன்ன ஒரு இடம்கூட இல்லை. அவர் அளவெடுத்தார், நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். அவர் எழுதினார், நீங்கள் திருத்தினீர்கள். வேலை விஷயத்தைச் சொன்னபோதும் "சரி, பாத்துக்கலாம்" என்று பதில் அனுப்பிவிட்டு, அழுததை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த 'சரி' மட்டும்தான்.

கல்யாணம் வரை நீங்கள் இருவரும் வந்த வழியும் அப்படித்தான் இருக்கிறது. "அதான் நான் இருக்கேன்ல" என்பது கேட்க இனிமையான வார்த்தை. ஆனால் அதில் யாரும் கேட்கவில்லை, யாரும் பதில் சொல்லவில்லை. சேர்ந்து வாழும் ஜோடிகளை ஆராய்ந்த ஸ்காட் ஸ்டான்லி, கலீனா ரோட்ஸ், ஹோவர்ட் மார்க்மன் மூவரும் 2006-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பலர் உறவின் அடுத்த படிக்கு முடிவெடுத்துப் போவதில்லை, தானாக நகர்ந்து போய்விடுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் திரும்பி வருவதற்கான செலவு கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில், திரும்ப முடியாததாலேயே தொடர்கிறார்கள். நீங்கள் அந்தக் கட்டத்துக்கு வந்துவிடவில்லை. நான்கு மாதம் இருக்கிறது. இந்த முறை கேட்டு, யோசித்து, வாய்விட்டுச் சம்மதம் சொல்லிவிட்டுப் போகலாம்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். தங்கை சொன்ன அந்தக் கடனைக் குடும்பத்துக்காக வாங்கியிருந்தால் அது அவர் மீது மரியாதையைக் கூட்ட வேண்டிய விஷயமாகவும் இருக்கலாம். எவ்வளவு, யாரிடம், இன்னும் எத்தனை வருடம் கட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். கேளுங்கள். விசாரணை மாதிரி ஆகிவிடாமல் இருக்க, உங்கள் சம்பளம், சேமிப்பு, நீங்கள் வீட்டுக்குக் கொடுப்பது, கல்யாணத்துக்குப் பிறகும் கொடுக்க நினைப்பது எல்லாவற்றையும் முதலில் நீங்கள் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கணக்கு முழுவதும் தெரியும் வரை எந்தக் கடனுக்கும் கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடாதீர்கள். உறவு என்ன ஆனாலும் அந்தக் கையெழுத்து உங்களைத் துரத்தும்.

எப்படிப் பேசுவது

பத்து மணி போனில் வேண்டாம், மெசேஜில் கண்டிப்பாக வேண்டாம். நேரில் சந்தியுங்கள். கல்யாண வேலை எதுவும் இல்லாத ஒரு நாளாக இருக்கட்டும். 'நம்முடையது காதல்தானா என்று சந்தேகமாக இருக்கிறது' என்று தொடங்கினால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் விழாது. இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "நீ அந்த வேலையை எடுத்தது தப்புன்னு சொல்ல வரல. எங்கிட்ட கேக்காம எடுத்ததுதான் உறுத்துது. அன்னைக்கு சரின்னு சொன்னேன், ஆனா எனக்கு அது சரியா இல்ல." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அவர் முகம் வாடியதும் "பரவால்ல விடு" என்று நீங்களே முடித்து வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று ஊகிக்கிறேன். அன்று மட்டும் அதைச் செய்யாதீர்கள்.

பெரும்பாலும் அவர் திகைத்துப் போவார். 'எனக்குத் தோணவே இல்லையே' என்பார். அது நல்ல பதில்தான், அங்கிருந்து வழிகளைச் சேர்ந்து பார்க்கலாம். வேலையில் சேரும் தேதியை அவர் தள்ளிவைக்க முடியுமா, அந்த ஊரில் உங்கள் துறையில் வேலை கிடைக்குமா, உங்கள் அலுவலகமே அங்கிருந்து வேலை செய்ய விடுமா, இல்லாவிட்டால் புதுப் பொறுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகலாமா. பிரிந்து இருப்பது உங்களுக்குப் புதிதில்லை, ஆனால் மணமாகி முதல் வருடத்தைத் தனித்தனி ஊரில் கழிப்பது நண்பர்களாகப் பிரிந்திருந்ததைவிடக் கடினம் என்பதையும் கணக்கில் வையுங்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். சேர்ந்து தேர்ந்தெடுக்க முடிகிறதா என்றுதான் பார்ப்பேன்.

"இதுக்குப் போய் இவ்வளவா?" என்றும் அவர் சொல்லலாம். ஒரு முறை சொன்னால் பெரிதுபடுத்த வேண்டாம், மனிதர்களுக்குத் தற்காப்பு வரும். இரண்டு மூன்று முறை பேசியும் ஒவ்வொரு முறையும் பேச்சு திசை மாறி, கடைசியில் நீங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து வருகிறீர்கள் என்றால், அப்போது கல்யாணத் தேதியைத் தள்ளிவைப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். இருவருமாக ஒரு ஆலோசகரிடம் மூன்று நான்கு அமர்வு போய் வருவதும் நல்லது. உறவு கெட்ட பிறகு போக வேண்டிய இடம் அது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கெடுவதற்கு முன் போனால்தான் எங்களுக்கும் வேலை சுலபம்.

உங்கள் கடிதத்தில் அறிகுறி இல்லை என்றாலும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். போன் பாஸ்வேர்டைக் கொடு, இன்னாரோடு பேசாதே, நீ போனால் என்னை ஏதாவது செய்துகொள்வேன், நம் படங்களை எல்லாருக்கும் காட்டுவேன் என்கிற பேச்சு வந்தால் அங்கே நேரில் உட்கார்ந்து பேசிப் பார்க்கச் சொல்லும் ஆலோசனை பொருந்தாது. மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். தனியாகச் சந்திக்கப் போகாதீர்கள்.

நிச்சயம் ஆன பிறகு நிறுத்தலாமா?

நிறுத்தலாம். 1948-ல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 16-வது பிரிவு, மணமக்கள் இருவரின் சுதந்திரமான, முழுமையான சம்மதத்தோடுதான் திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. நிச்சயதார்த்தம் அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிடுவதில்லை. கல்யாணம் நடக்கும் நிமிடம் வரை அது உங்களிடமும் அவரிடமும் இருக்கிறது. மாற்றிக்கொண்ட பரிசுகள், ஆன செலவு ஆகியவற்றை யார் திருப்பித் தர வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு சட்டத்தில் வேறுபடும். அந்த நிலை வந்தால் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள்.

தள்ளிவைப்பதற்கும் நிறுத்துவதற்கும் வித்தியாசம் உண்டு. தள்ளிவைப்பதானால் காரணத்தையும் புதுத் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேதி சொல்லாமல் தள்ளினால் இரண்டு குடும்பமும் தினமும் ஒரு காரணம் கண்டுபிடிக்கும்.

நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் பார்த்தால் இந்தக் கல்யாணத்தை நிறுத்த எனக்குக் காரணம் தெரியவில்லை. இந்த மாதத்துக்குள் பேசிவிட வேண்டிய காரணம் தெரிகிறது. அதுவரை உங்கள் ராஜினாமா கடிதத்தை அனுப்பாதீர்கள், குழுத் தலைவர் பொறுப்பு வேண்டாம் என்றும் மேலதிகாரியிடம் சொல்லாதீர்கள்.

வேண்டாம் என்றால் நண்பனையும் இழப்பேனா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்ச காலத்துக்கு இழப்பீர்கள். நிரந்தரமாகவும் இழக்கலாம். நிச்சயம் வரை வந்து பிரிந்தவர்கள் பழையபடி இரவு பத்து மணிக்குப் பேசிக்கொள்வது நடக்காத காரியம், அப்படி ஆறுதல் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் நண்பர் போய்விடுவார் என்பதற்காக அவரையே மணந்துகொள்வது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. தன்னை விரும்பி வந்தவர் என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருப்பார்?

கல்லூரி நண்பர்கள் குழுவில் இதைப் பற்றி வாய் திறக்காதீர்கள். அவர்கள் இருவருக்கும் நண்பர்கள். ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள், நீங்கள் சொன்னது மறுநாளே வேறு வடிவத்தில் அவரிடம் போய்ச் சேரும். அவரிடம் பேசுவதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், முதலில் அவரிடம். வீட்டில் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்பதே அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.